ஒரு பாட்டை வாங்குதலும் ஒரு பாட்டைக் கற்றலும்

கலை இலக்கியம் பற்றிச் சிந்திக்கும் நம்மவரிடையே மேலைநாட்டுப் பொப் பாடல்களைக் குறித்து இரண்டு அபிப்பிராயங்கள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. பண்பாட்டுத் தூய்மை பேசுவோர் அவற்றைச் செவிக்கு ஒவ்வாத இரைச்சல் எனத் தள்ளிவிடுகின்றனர். முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோருள் ஒரு சாராரோ, அவை முதலாளித்துவச் சந்தை உற்பத்தி செய்து குவிக்கும் மலிவுப் பண்டங்கள், இளைஞரைத் தம் நிலை மறக்கச் செய்யும் மயக்க மருந்து என்று கூறி, அத்துடன் விசாரணையை முடித்துக்கொள்கின்றனர். முதலாவது சாரார் பாட்டைக் கேளாமலே தீர்ப்புக் கூறுகின்றனர். இரண்டாவது சாரார் பாட்டைக் கேட்டபின் தீர்ப்புக் கூறுகின்றனர். ஆயின், ஒரு பாட்டு கேட்கப்படுவது மாத்திரமன்று, கையாற் கற்கப்படுவதுமுண்டு என்னும் எளிய உண்மையை இரு சாராருமே கருத்திற் கொள்வதில்லை. கேட்பவன் நிலையில் நின்று நோக்கும்போது ஒன்றாகத் தோன்றும் பொருள், கற்பவன் நிலையில் நின்று நோக்கும்போது வேறொன்றாகத் தோன்றுகிறது. அந்த வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நானும் மேற்கூறிய இரண்டாவது சாராரைச் சேர்ந்தவனாகவே இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டுத் தவணை விடுமுறையின்போது என் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பழைய கிற்றார் ஒன்றுடன் வீட்டுக்கு வந்தான். அவனுடைய தாய்மாமன் கைப்பட எழுதி வைத்திருந்த பாட்டுக் கொப்பி ஒன்றும் அவனிடம் இருந்தது. “சேர், இந்தப் பாட்டிலை மூண்டு கோட் எனக்குப் பிடிபட்டிட்டுது. நாலாவதுதான் கை போகுதில்லை” என்றான். “தமிழ் வாத்தியாரிட்டை வந்து கேக்கிறாயே தம்பி” என்று சிரித்தேன். “நீங்கள் சின்னனிலை சங்கீதம் பழகினனீங்கள் எண்டு அம்மா சொன்னவ, சேர்” என்று அவன் விடவில்லை. கிற்றாரைப் பற்றி எனக்கு அன்று எதுவும் தெரியாது. எனினும் அவ்விடுமுறை முழுவதும் நாம் இருவரும் அந்தப் பாட்டுடன் போராடினோம். அப்போராட்டம் என் பழைய முடிவுகள் சிலவற்றை மறுபரிசீலனை செய்ய வைத்தது.

அப்பாட்டு ‘தட்ல் பீ த டே’ என்பதாகும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லபொக் என்னும் ஊரைச் சேர்ந்த பட்டி ஹொலி, ஜெரி அலிசன் என்னும் இளைஞர்கள் 1956இல் அதனை ஆக்கினர். அவ்வாண்டு வெளிவந்த ‘த சேர்ச்சர்ஸ்’ என்னும் திரைப்படத்தில் நடிகர் ஜோன் வெய்ன் திரும்பத் திரும்பக் கூறும் பேச்சுவழக்குத் தொடரே பாட்டின் தலைப்பாயிற்று. “அதுவும் நடக்கப் போகிறதாக்கும்” என்று நம்மவர் ஏளனமாகக் கூறுவதற்கு அது ஏறக்குறைய இணையானது. தன்னை விட்டுப் பிரிந்துவிடுவதாகப் பயமுறுத்தும் காதலியிடம், அப்படியொரு நாள் வரவே மாட்டாது என இளைஞன் ஒருவன் வீறாப்புப் பேசுவதே பாட்டின் பொருள். சொல்லளவில் நோக்கின் இதில் ஆழ்ந்த சிந்தனையோ சமுதாய நோக்கோ இல்லை. சங்க அகப்பாடலின் உள்ளுறையை இதில் தேடுபவன் ஏமாற்றமடைவான். இலக்கியத் திறனாய்வாளன் இப்பாட்டின் வரிகளுக்கு எத்தனை புள்ளி வழங்குவான் என்பதில் ஐயமில்லை. ஆனால் புள்ளி வழங்கியதும் அவன் பணி முடிந்துவிட்டதா என்பதே நம் வினா.

கிற்றாருக்கு ஆறு தந்திகள். வலக்கை மீட்ட, இடக்கை விரல்கள் மெட்டுகளுக்கிடையே தந்திகளை அழுத்துகின்றன. சில சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் வண்ணம் விரல்களை அமைப்பதையே கோட் என்பர். தமிழிற் சுரக்கூட்டு எனலாம். ஏ என்னும் சுரத்தை ஆதாரமாகக் கொண்டு இப்பாட்டை வாசிப்பவனுக்கு ஏ, டி, ஈ என்னும் மூன்று கூட்டுகள் அடிப்படையானவை. ஒவ்வொன்றுக்கும் மூன்று விரல்கள் போதும். தொடக்கநிலை மாணவன் சில வாரங்களில் அவற்றைக் கைவரப்பெறலாம். ஆனால் அடிகளைப் பாடி முடித்துப் பல்லவிக்குத் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்பாகப் பி7 என்னும் நான்காவது கூட்டு வழிமறித்து நிற்கிறது. நடுவிரல் ஐந்தாம் தந்தியின் இரண்டாம் மெட்டிலும், சுட்டுவிரல் நான்காம் தந்தியின் முதலாம் மெட்டிலும், மோதிரவிரல் மூன்றாம் தந்தியின் இரண்டாம் மெட்டிலும், சுண்டுவிரல் முதலாம் தந்தியின் இரண்டாம் மெட்டிலும் அமைதல் வேண்டும். இவற்றுக்கு நடுவே கிடக்கும் இரண்டாம் தந்தியை எவ்விரலும் தீண்டலாகாது. வாழ்நாளில் எக்காரியத்துக்கும் தனித்து அழைக்கப்பட்டிராத சுண்டுவிரல் இங்கே முதன்முறையாக வேலைக்கு அழைக்கப்படுகிறது. நான்கு விரல்களும் ஒரே கணத்தில் தத்தம் இடத்தைச் சென்றடைய வேண்டும்; பாட்டின் தாளம் எவருக்காகவும் காத்து நிற்பதில்லை.

இந்த நான்காவது கூட்டு அங்கே ஏன் வந்தது? ஏயை ஆதாரமாகக் கொண்ட பாட்டின் ஏழு சுரங்களும் நம் சங்கராபரணத்தின் சுரங்களோடு ஒத்தவை. பி7இல் ஒலிக்கும் சுரங்களுள் ஒன்று அந்த ஏழினுள் அடங்காதது. சங்கராபரணத்திற் சுத்த மத்திமத்துக்குப் பதிலாகப் பிரதி மத்திமம் புகுந்தாற் போன்றது. அந்நிய சுரம் ஒன்று உள்ளே வந்ததும் செவி அமைதியிழந்து, அது எங்கே சென்று தீரும் என எதிர்பார்க்கிறது. பி7 ஈயிற் சென்று தீர்கிறது. ஈ மீண்டும் பல்லவியை நோக்கித் தள்ளுகிறது. வரிகளில் இல்லாத ஒரு தவிப்பு இந்த நகர்விலே இருக்கிறது. காதலியின் பயமுறுத்தலை நம்பவில்லை என்று வாய் கூறுகிறது. நம்பித் தவிக்கிறான் என்பதைச் சுரக்கூட்டு காட்டிக்கொடுத்துவிடுகிறது. பல தடவைகள் இப்பாட்டைக் கேட்டபோது எனக்குப் புலப்படாத இவ்வுண்மை, என் சுண்டுவிரல் நொந்த பின்னரே புலப்பட்டது. கேட்பவனுக்குப் பாட்டு ஒரு முடிந்த பொருள். கற்பவனுக்கோ அது ஒரு வேலை. எவ்விடத்தில் எது பொருத்தப்பட்டது, ஏன் பொருத்தப்பட்டது என்பதை அவன் தச்சன் மூட்டைப் பார்ப்பது போலப் பார்க்கிறான்.

இனி இப்பாட்டுச் சந்தைக்கு வந்த வரலாற்றை நோக்குவோம். 1956 ஜூலையில் நாஷ்வில் நகரில் டெக்கா என்னும் பெரிய இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஹொலி இதனை முதன்முறை ஒலிப்பதிவு செய்தார். நிறுவனம் அதனை அவ்வாண்டு வெளியிடவில்லை. பின்னர் அவருடைய ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. ஆயினும் அங்கு ஒலிப்பதிவு செய்த பாடல்களை ஐந்து ஆண்டுகளுக்கு வேறெவருக்கும் பதிவு செய்து கொடுக்கலாகாது என்ற நிபந்தனை மாத்திரம் உயிரோடிருந்தது. தானும் விற்காமல், ஆக்கியவனையும் விற்கவிடாமல் வைத்திருந்த உடைமை அது. 1957 பெப்ரவரியில் நியூ மெக்சிக்கோவின் குளோவிஸ் என்னும் சிற்றூரில் நோர்மன் பெற்றி என்பவருடைய ஒலிப்பதிவுக் கூடத்தில் அதே பாட்டு மீண்டும் பதிவாயிற்று. நிபந்தனையிலிருந்து தப்பும் பொருட்டு ஹொலியின் பெயரை மறைத்து, ‘கிரிக்கட்ஸ்’ என்னும் குழுவின் பெயரால் மே மாதத்தில் அது வெளியிடப்பட்டது. வெளியிட்ட பிரன்ஸ்விக் நிறுவனமும் டெக்காவின் கிளையே. செப்டெம்பரில் அது அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சியை எட்டியது. உடனே டெக்கா தான் அதுவரை பூட்டி வைத்திருந்த பழைய பதிவையும் கடைக்கு அனுப்பியது. இதற்கிடையில் பாட்டை ஆக்கியோர் பட்டியலில் மூன்றாவது பெயரொன்றும் இடம்பெற்றுவிட்டது. அது கூடத்தின் சொந்தக்காரருடைய பெயர். 1959 பெப்ரவரி 3ஆந் திகதி விமான விபத்தில் இறந்தபோது ஹொலிக்கு வயது 22.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் முற்போக்குத் திறனாய்வாளரின் பழைய தீர்ப்பு உறுதியாகிவிடும். பாட்டு பண்டமே, ஆக்கியோன் கூலியே, இலாபம் இடையில் நிற்போனுக்கே. ஆனால் இசைத்தட்டு கடையை விட்டுப் புறப்பட்ட பின்னர் நிகழ்ந்தது என்ன? அதனை அறிய இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குச் செல்ல வேண்டும்.

1956இன் தொடக்கத்தில் லொனி டொனிகன் என்பவர் பாடிய ‘ரொக் ஐலண்ட் லைன்’ என்னும் இசைத்தட்டு பிரித்தானியாவிற் பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தது. அப்பாட்டு 1934இல் ஆர்க்கன்சாஸ் மாநிலத்துச் சிறைப் பண்ணைகளிற் கறுப்பினக் கைதிகள் பாட, நாட்டார் பாடல் சேகரிப்பாளரான ஜோன் லோமாக்ஸ் ஒலிப்பதிவு செய்தது. அதனைத் தொடர்ந்து ஸ்கிபில் என்னும் எளிய இசைமுறை நாடெங்கும் பரவியது. மலிவான கிற்றார் ஒன்று, துணி துவைக்கும் தகரப் பலகை ஒன்று, தேயிலைப் பெட்டியிற் கோலை நட்டுக் கயிறு கட்டிய தந்திக் கருவி ஒன்று ஆகியன இருந்தாற் போதும், குழு உருவாகிவிடும். போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் வேலைத்தளத்துக்கோ துறைமுகத்துக்கோ செல்லவிருந்த பையன்கள் ஆயிரக்கணக்கில் இவ்வாறு குழுக்களை அமைத்தனர். இசைக் கல்லூரியின் வாயிலை மிதியாதவர்கள் முதன்முறையாக இசையை ஆக்குவோராயினர். அத்தேயிலைப் பெட்டிகளுட் சில நம் மலைநாட்டிலிருந்து சென்றவையாகவும் இருந்திருக்கலாம்.

அக்குழுக்களுள் ஒன்று ஜோன் லெனன் அமைத்த ‘குவொரிமென்’. அவர் தந்தை கப்பல் தொழிலாளி. 1957 ஜூலை 6ஆந் திகதி தேவாலய விழாவொன்றில் அவரைச் சந்தித்து, பின்னர் குழுவிற் சேர்ந்த போல் மக்காட்னியின் தந்தை பருத்தி வியாபார நிலையமொன்றின் விற்பனையாளர். தாய் மருத்துவத்தாதியாகப் பணியாற்றி 1956இல் இறந்தவர். அடுத்துச் சேர்ந்த ஜோர்ஜ் ஹரிசன் பேருந்துச் சாரதியின் மகன். லெனனுக்கு இசை கற்பித்த முதல் ஆசிரியர் அவருடைய தாய் ஜூலியா. அவருக்குத் தெரிந்தது பான்ஜோ என்னும் கருவியே; ஆகவே மகனும் கிற்றாரைப் பான்ஜோ போலச் சுருதி கூட்டி வாசித்து வந்தார். ஹொலியின் இப்பாட்டைத் தாம் திருத்தமாக வாசிக்கும் வரை தாய் பொறுமையோடு திரும்பத் திரும்பப் பழக்கியதை லெனன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். கிற்றாரைக் கிற்றாராகச் சுருதி கூட்டக் கற்பித்தவர் மக்காட்னி. அவரோ இடக்கைப் பழக்கமுள்ளவர். அவர் கையைப் பார்த்துக் கற்ற லெனன், கண்ணாடியிற் கண்ட உருவத்தைத் திருப்புவது போல, ஒவ்வொரு கூட்டையும் வீட்டிற்குச் சென்று திருப்பிப் போட்டுப் பழக வேண்டியிருந்தது.

இவர்களுடைய கதையில் என் மாணவனை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. ஏ, ஈ ஆகிய கூட்டுகள் கைவந்தபின் அவர்களுக்குத் தேவைப்பட்டது பி7. நகரின் மறுபுறத்தில் அதனை அறிந்த ஒருவர் இருக்கிறார் எனக் கேள்விப்பட்டு, பேருந்து மாறி மாறிச் சென்று அவரிடம் அதனைக் கற்றுத் திரும்பினார்கள் என்று மக்காட்னி பலமுறை கூறியுள்ளார். என் மாணவனை வாட்டிய அதே நான்காவது கூட்டு! அது கடையில் விற்கப்படவில்லை. ‘ஒரே நாளில் வாசிக்கலாம்’ என்னும் கருத்துப்படத் தலைப்பிட்ட பேட் வீடனின் கிற்றார் நூல் 1957இல் வெளிவந்தது உண்மையே. எனினும் அறிவு பெரும்பாலும் ஆளிடமிருந்து ஆளுக்கே சென்றது. தெரிந்தவன் தெரியாதவனுக்குக் காட்டினான். காட்டியவன் எதனையும் இழக்கவில்லை. பெற்றவன் எவனுக்கும் கடன்படவில்லை. கொடுக்கக் குறையாத செல்வம் எனக் கல்வியைப் பற்றி நாம் வகுப்பறையில் மனனஞ் செய்விக்கும் கருத்து, அங்கே பேருந்துக் கட்டணத்தோடு நடைமுறையாயிற்று.

1958 ஜூலையில், குழுவினர் ஐவர் லிவர்பூலில் பேர்சி பிலிப்ஸ் என்பவர் தம் வீட்டில் நடத்திய சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றனர். ஆளுக்குச் சில சில்லிங்குகள் போட்டுச் சேர்த்த 17 சில்லிங் 6 பென்சுக்கு ஒரேயொரு இசைத்தட்டுப் பெற்றனர். அதன் ஒரு பக்கத்தில் ‘தட்ல் பீ த டே’ இருந்தது. மறுபக்கத்தில் இருந்தது அவர்களே ஆக்கிய பாட்டு. மக்காட்னியும் ஹரிசனும் அதன் ஆசிரியர்கள். ஒரு பக்கம் கற்ற பாட்டு, மறுபக்கம் படைத்த பாட்டு. கற்றலுக்கும் படைத்தலுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு தட்டின் கனமே எனின் மிகையாகாது. தட்டு ஒன்றாகவும் ஆள்கள் ஐவராகவும் இருந்தமையால், ஆளுக்கொரு வாரமாக முறைவைத்து அதனை வைத்திருந்தனர். அதே மாதம் 15ஆந் திகதி, மகனுக்கு இப்பாட்டைப் பழக்கிய ஜூலியா மோட்டார் வண்டி மோதி இறந்தார்.

இவ்விடத்தே வெகுசன இசை பற்றிய இடதுசாரி விமரிசனங்களுள் மிகுந்த செல்வாக்குப் பெற்ற ஒன்றை எதிர்கொள்ள வேண்டியவர்களாகின்றோம். ஜெர்மானியச் சிந்தனையாளர் தியோடர் அடோர்னோ 1941இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், வெகுசனப் பாடலின் அடிப்படை இயல்பு அதன் வார்ப்புத்தன்மையே என வாதித்தார். எல்லாப் பாடல்களும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன; உறுப்புகளை ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றிற் பொருத்தலாம்; கேட்பவனுக்காகப் பாடலே கேட்டு முடித்துவிடுவதால் அவன் சிந்திக்கத் தேவையில்லை; புதுமை போலத் தோன்றுவன மேற்பூச்சுகளே என்பது அவர் கருத்தின் சாரம். இதில் உண்மை இல்லை என்று கூறுவதற்கில்லை. ஏ, டி, ஈ என்னும் மூன்று கூட்டுகளைக் கொண்டே எத்தனையோ நூறு பாடல்கள் உற்பத்தியாயின என்பது எவரும் அறிந்ததே.

ஆயின் அடோர்னோ நின்ற இடம் கேட்பவன் இருக்கை. கற்பவன் இருக்கையில் அமர்ந்து நோக்கினால், எந்த வார்ப்புத்தன்மை கேட்பவனைச் சோம்பேறியாக்குகிறதோ, அதே வார்ப்புத்தன்மை கற்பவனுக்கு வாயிலைத் திறந்துவிடுகிறது. ஒரு பாட்டின் மூன்று கூட்டுகளைக் கற்றவன் நூறு பாட்டுகளின் எலும்புக்கூட்டைக் கற்றவனாகிறான். வாய்மொழிக் கவிதை ஆராய்ச்சியை அறிந்தோருக்கு இது புதிதன்று. மில்மன் பரி 1930களில் யூகோசிலாவியப் பாணரிடம் சேகரித்தவற்றை ஆதாரமாகக் கொண்டு அல்பேட் லோட் 1960இல் வெளியிட்ட நூலும், அம்முறையைத் தழுவிச் சங்கப் பாடல்களை ஆராய்ந்து க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலும் வாய்பாட்டின் பணியை விளக்கின. எழுத்தறியாப் பாணன் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களையும் அடிகளையும் கொண்டே புதிய பாடலைக் கட்டினான். வாய்பாடு அவனுக்கு விலங்கன்று, கருவி. பாணனின் வாய்பாட்டைப் போற்றிவிட்டு, கிற்றார் பழகும் பையனின் வாய்பாட்டை மாத்திரம் இகழ்வது எவ்வகை நீதி? வேறுபாடு வாய்பாட்டில் இல்லை. வாய்பாடு யாருடைய கையில் இருக்கிறது என்பதிலேயே உள்ளது. நிறுவனத்தின் கையில் அது அச்சு. கற்போன் கையில் அது மொழி.

இவ்வாறு கூறுவதனால் நான் கற்றலைப் புனிதமாக்கி, சுரண்டலை மறைக்க முயல்கிறேன் எனக் கருதலாகாது. கையிலிருந்து கைக்குச் சென்ற பாட்டைப் பையிற் போட்டுக்கொண்டோரும் உளர். வட கரோலைனாவைச் சேர்ந்த எலிசபெத் கொற்றன் என்னும் கறுப்பினப் பெண் சிறுமியாக இருந்தபோதே வீட்டு வேலை செய்து பணம் சேர்த்துக் கிற்றார் வாங்கியவர். கற்பிக்க ஆளில்லை, இடக்கைப் பழக்கமுள்ள அவர் வலக்கைக்காரரின் கிற்றாரைத் தலைகீழாகப் பிடித்துத் தாமே ஒரு வாசிப்பு முறையைக் கண்டார். சிறுவயதிலேயே ‘பிரெயிட் ட்ரெயின்’ என்னும் பாட்டையும் ஆக்கினார். பின்னர் பல்லாண்டுகள் வாத்தியத்தைக் கைவிட்டு வீட்டுப் பணிப்பெண்ணாகவே வாழ்ந்தார். அவர் பணிபுரிந்த சீகர் குடும்பத்தினர் இசை ஆராய்ச்சியாளர்கள். அக்குடும்பத்துப் பெகி சீகர் அப்பாட்டைக் கற்று இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். 1957இல் அது ஸ்கிபில் குழுவொன்றின் இசைத்தட்டாகி நன்கு விற்பனையானபோது, ஆக்கியோராக வேறு இருவரின் பெயர்களே அதிற் காணப்பட்டன. சட்டத்தின் துணைகொண்டு முயன்ற பின்னரே கொற்றனின் உரிமை ஓரளவுக்கேனும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பெகி சீகர் பாட்டைக் கற்றமை திருட்டன்று. கற்றதைப் பதிவேட்டில் தம் பெயரால் எழுதிக்கொண்டதே திருட்டு. இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாத விமரிசனம் கள்வனோடு சேர்த்து மாணவனையும் சிறையிலிடும்.

குவொரிமென் குழுவின் வரலாறும் இந்த முரண்பாட்டிலிருந்து தப்பவில்லை. அவர்களுள் மூவர் பின்னர் பீற்றில்ஸ் எனப் புகழ்பெற்றனர். லெனனும் மக்காட்னியும் ஆக்கிய பாடல்களின் பதிப்புரிமையை நிருவகிக்க 1963இல் அமைக்கப்பட்ட நோதேண் சோங்ஸ் நிறுவனம் 1969இல் ஏரிவி என்னும் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 1985இல் அத்தொகுதியை மைக்கல் ஜக்சன் 4 கோடியே 75 இலட்சம் டொலருக்கு வாங்கினார். தம் பாடல்களின் உரிமையை இவ்வாறு இழந்த மக்காட்னியோ, 1970களில் பட்டி ஹொலியின் பாடல்களின் பதிப்புரிமையைத் தாமே வாங்கினார். பேருந்தேறிச் சென்று இலவசமாகக் கற்ற பையன், கற்ற பாட்டின் உடைமையாளன் ஆனான். முறைவைத்துப் பகிர்ந்த தட்டும் இறுதியாகப் பியானோ வாசித்தவரிடம் 20 ஆண்டுகளுக்கு மேல் தங்கி, 1981இல் மக்காட்னிக்கு விற்கப்பட்டது; 1995இல் அதன் இரு பக்கங்களும் விற்பனைக்குரிய தொகுப்பொன்றில் இடம்பெற்றன. தனிமனிதரைக் குறைகூறுவதற்காக இதனைக் கூறவில்லை. ஒரே மனிதனிடத்தில் ஒரே பாட்டு ஒரு காலத்திற் பொதுவுடைமையாகவும் இன்னொரு காலத்தில் தனியுடைமையாகவும் இருந்தது என்பதே ஈண்டுக் கவனிக்கத்தக்கது. பாட்டு மாறவில்லை, அதனோடு அவன் கொண்ட உறவு மாறியது. ஒரு கலைப்பொருள் பண்டமா அன்றா என்பதை அப்பொருளை மாத்திரம் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அதனைச் சுற்றி மனிதர் தம்முட் கொள்ளும் உறவையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

இன்று பி7ஐத் தேடிப் பேருந்தேற வேண்டியதில்லை. கைபேசியைத் தொட்டால் எத்தனையோ ஆசான்கள் திரையில் தோன்றி விரல் வைக்கும் முறையைக் காட்டுகின்றனர். இது பெரும் வசதி. கிராமத்துப் பிள்ளைக்கு முன்னர் எட்டாதிருந்தது இப்போது எட்டுகிறது. இதனைப் பழிப்பது பிற்போக்கு. ஆனால் திரையில் உள்ள ஆசான் மாணவனின் சுண்டுவிரல் வளைந்து நிற்பதைக் காண்பதில்லை. இடையிடையே விளம்பரம் வருகிறது. நல்ல வாத்தியம் வாங்கு, மேலதிகப் பாடத்துக்குப் பணம் செலுத்து என்கிறது. கற்பவனையே நுகர்வோனாக மாற்றும் வித்தையைச் சந்தை கண்டுகொண்டது. என் மாணவனும் அத்தகைய பாடங்கள் பலவற்றைப் பார்த்துவிட்டே என்னிடம் வந்தான். நான் கிற்றார் அறியாதவன்; அவனுக்கு நான் செய்யக்கூடியதாக இருந்தது அவனருகில் அமர்ந்து, கை நழுவும் இடத்தை அவனோடு சேர்ந்து கண்டுபிடித்து, பிரதி மத்திமத்தைப் பாடிக் காட்டியது மாத்திரமே. முழுப் பாட்டையும் நான் இன்றுவரை இடறாமல் வாசித்ததில்லை. அவன் வாசித்துவிட்டான். விடுமுறை முடியுமுன் அயல்வீட்டுப் பையனுக்கு அந்நான்காவது கூட்டைக் காட்டிக்கொண்டிருந்ததையும் கண்டேன்.

அன்று என்னை வருத்தியது வேறொன்று. தமிழாசிரியனாகிய நான் என் வகுப்பறையில் என்ன செய்கிறேன்? செய்யுளை முடிந்த பொருளாகக் கொடுக்கிறேன். அதன் நயங்களையும் நானே குறிப்பாகச் சொல்லிக் கொப்பியில் எழுதுவிக்கிறேன். மாணவர் அவற்றை மனனஞ் செய்து பரீட்சைத் தாளிற் கொட்டிவிட்டு மறந்துபோகின்றனர். அடோர்னோ பொப் பாடலின் மீது சாட்டிய குற்றம், கேட்பவனுக்காகத் தானே சிந்தித்து முடித்துவிடும் குற்றம், என் செய்யுட் பாடத்தின் மீது எவ்வளவு பொருத்தமாக விழுகிறது! யாப்பு என்னும் சுரக்கூட்டைப் பிள்ளையின் கையிற் கொடுத்து, ஒரு வெண்பாவைக் கழற்றிப் பூட்டிப் பார் என்று நாம் எத்தனை முறை கூறியிருக்கிறோம்? தளை தட்டினாலும் பாதகமில்லை, உன் ஊர்ச் சேதி ஒன்றை நாலடியில் கட்டிப் பார் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? பழந்தமிழ்ச் செல்வம் என நாம் பெருமைப்படுவதையே மாணவர் வாங்கிப் பயன்படுத்தி எறியும் பண்டமாக்கிவிட்டு, அவர்கள் தாமாகத் தேடிக் கையாற் கற்கும் ஒரு பாட்டை மலிவுச் சரக்கு எனத் தூற்றுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எனவே முற்போக்குத் திறனாய்வு தன் வினாக்களோடு மேலும் ஒரு வினாவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்படைப்பு என்ன கூறுகிறது, யாருக்காகக் கூறுகிறது, யார் இதனால் இலாபம் அடைகிறார் என்பன அவசியமான வினாக்களே. அவற்றோடு, இதனைக் கற்கும் கைகளுக்கு இது எதனைச் செய்யக் கற்பிக்கிறது என்றும் கேட்க வேண்டும். அவ்வினாவைக் கேட்டால், சொல்லளவில் அற்பமான பாட்டொன்று துறைமுக நகரின் பையன்களைப் படைப்பாளிகளாக்கிய விதம் விளங்கும். சொல்லளவில் உயர்ந்த செய்யுள் நம் வகுப்பறையில் எவரையும் படைப்பாளியாக்காத விதமும் விளங்கும். மக்கள் கலையை நுகர்வோராக இருக்கும் வரை அது பிறருடைய உடைமையே. அவர்கள் அதனைச் செய்யக் கற்கும் நாளிலேயே அது அவர்களுடையதாகத் தொடங்குகிறது. அந்நாளை விரைவுபடுத்துவது ஆசிரியராகிய நம் கடமை. அதனை நம் அடுத்த செய்யுட் பாடத்திலேயே தொடங்கலாம்.